கற்பித்தல் விருதுக்கு விண்ணப்பிப்பது எப்படி: கல்லூரி ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சுற்றறிக்கை வந்த பிறகு தொடங்கும் விண்ணப்பம் பாதி தோற்றுவிட்டது என்றே சொல்லலாம். படிவத்தை நிரப்ப இரண்டு நாள் போதும். அதில் வைக்க வேண்டிய ஆதாரத்தை உருவாக்கத்தான் ஒரு பருவம் (செமஸ்டர்) முழுக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் உண்டு. அவர்களுடைய விண்ணப்பங்கள் விழுவது கற்பித்தலில் குறை இருப்பதால் அல்ல, மாணவர் என்ன கற்றார் என்பதற்குக் கோப்பில் ஒரு தாள்கூட இல்லாததால். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். வரிசைக்கான காரணம் அந்தந்த இடத்தில் இருக்கிறது.

1. எந்த விருது, உங்களுக்குத் தகுதி உண்டா?

கல்லூரிக்குள் தரும் விருது, பல்கலைக்கழக அளவிலான விருது, தேசிய விருது என்று மூன்று அடுக்கு. முதல் இரண்டுக்கும் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்புதான் சட்டம். மூன்றாவது, ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய ஆசிரியர் விருது. பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் இருந்த அது, 2023 முதல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் வந்தது. அந்த ஆண்டு உயர்கல்விப் பிரிவில் 13 பேர் பெற்றார்கள். சான்றிதழ், ₹50,000 ரொக்கம், வெள்ளிப் பதக்கம். செப்டம்பர் 5-இல் வழங்குவதால் அழைப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்து, சில வாரங்களில் மூடிவிடும்.

தேசிய விருதின் விதிகளில் பலர் இடறும் இடங்கள் இவை: நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும், முழுநேரக் கற்பித்தல் குறைந்தது 5 ஆண்டு வேண்டும், விண்ணப்பக் கடைசி நாளில் வயது 55-ஐத் தாண்டக் கூடாது, பதவியில் இருக்கும் முதல்வரோ துணைவேந்தரோ விண்ணப்பிக்க முடியாது. பொறுப்பு முதல்வர் என்றாலும் அதே கதைதான். விதிகள் ஆண்டுக்காண்டு திருத்தப்படலாம், ஆகவே அந்த ஆண்டின் அறிவிப்பை ஒரு முறை வரி விடாமல் படியுங்கள்.

‘நிரந்தர’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பத்து, பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்கள் இங்கே ஏராளம். நியமன ஆணையில் ‘தற்காலிகம்’ என்றோ ‘தொகுப்பூதியம்’ என்றோ இருந்தால் முதல் சல்லடையிலேயே வெளியே போய்விட வாய்ப்பு அதிகம். ஆணையை எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் விருது அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாக வரும் பதிலைக் கடைசி நேரத்தில் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் ‘சிறந்த பேராசிரியர் விருது, பதிவுக் கட்டணம் இவ்வளவு’ என்று வருபவை இந்தக் கணக்கிலேயே சேராது. காசு கட்டி வாங்கிய கேடயத்தை நல்ல விண்ணப்பத்தில் இணைத்தால் மற்ற தாள்களின் மதிப்பும் சேர்ந்து இறங்கும்.

2. ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்மார்ட் போர்டு, குழுவிவாதம், வினாடிவினா, கூகுள் கிளாஸ்ரூம், களப்பயணம் என்று பதினைந்தையும் பட்டியல் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. எதனால் மாணவர் தேறினார் என்று பட்டியலிலிருந்து நடுவரால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

ஒரு பாடத்தாள், அதில் ஆண்டுதோறும் மாணவர் இடறும் ஒரு பகுதி, அதற்கு நீங்கள் செய்யும் ஒரு மாற்றம். இவ்வளவுதான். இடறும் பகுதியைக் கண்டுபிடிக்கப் பழைய அகமதிப்பீட்டு விடைத்தாள்களைப் புரட்டுங்கள். மூன்று ஆண்டாக ஒரே வினாவில் ஒரே பிழை வருகிறது என்றால் அதுதான் உங்கள் பொருள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். இளநிலை வேதியியல், கூழ்மங்கள் (பால்போல, மிக நுண்ணிய துகள்கள் பரவி நிற்கும் கலவைகள்) திரியும் பாடம். கூழ்மத் துகளின் மின்சுமைக்கு எதிரான சுமை கொண்ட அயனிதான் அதைத் திரிய வைக்கும். அந்த அயனியின் சுமை கூடக் கூடக் குறைந்த செறிவே போதும். மாணவர்கள் இதை ஹார்டி–ஷூல்ஸ் விதி என்று மனப்பாடம் செய்வார்கள், கணக்கில் கோட்டை விடுவார்கள். ஆனால் குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து வரும் மாணவர் பலர் வீட்டில் ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றி ஷீட் ஆக்குவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள். பால் துகள்களுக்கு எதிர்மின் சுமை உண்டு, அமிலம் அதைத் தணிப்பதால்தான் பால் உறைகிறது. வீட்டுத் தட்டில் நடப்பதும் பாடத்தில் இருப்பதும் ஒன்றே என்று காட்டி ஆய்வகத்தில் செய்ய வைப்பது இங்கே மாற்றம்.

வணிகவியல் ஆசிரியருக்கு ஓணத்துக்கு முந்தைய வாரம் தோவாளை பூச்சந்தையில் விலை ஏறுவது இதே வேலையைச் செய்யும். ஊர்ப்பொருள் என்பதற்காகவே மதிப்பெண் கிடைக்காது, பாடத்தின் முடிச்சை அது அவிழ்க்க வேண்டும்.

3. பாடம் தொடங்கும் முன் முன்தேர்வு

பருவத் தொடக்கத்தில் இதை விட்டுவிட்டால் பிறகு எந்த வழியிலும் ஈடுகட்ட முடியாது. தொடங்கிய இடம் தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று எப்படிச் சொல்வது?

15 வினா, 20 நிமிடம். அதில் 10 வினா நீங்கள் மாற்றிக் கற்பிக்கப் போகும் பகுதியிலிருந்து, 5 வினா வழக்கம்போல நடத்தப் போகும் வேறு பகுதியிலிருந்து (நம் எடுத்துக்காட்டில் பரப்புக் கவர்தல், அதாவது ஒரு பொருளின் பரப்பில் வேறு பொருளின் துகள்கள் ஒட்டிக்கொள்வது). இந்த 5 வினாவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நடுவர் கேட்கும் முதல் கேள்வி, ‘பருவம் முழுக்கப் படித்தால் யாருக்கும் மதிப்பெண் கூடத்தானே செய்யும்?’ என்பது. அதற்குப் பதில் அந்த ஐந்தில்தான் இருக்கிறது. தனியாக ஒரு ஒப்பீட்டு வகுப்பு தேட வேண்டியதில்லை.

மனப்பாடத்தில் விடை சொல்லக்கூடிய வினா வேண்டாம். ‘ஹார்டி–ஷூல்ஸ் விதியைக் கூறு’ என்று கேட்பதை விட, ‘ரப்பர் பாலைச் சோடியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, படிகாரம் ஆகியவற்றில் எது மிகக் குறைந்த செறிவில் திரிய வைக்கும், ஏன்?’ என்று கேளுங்கள். ‘ஏன்’ என்பதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

நாள் குறிப்பதில் ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பரில் தொடங்கும் பருவத்தில் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை, பின்னாலேயே கிறிஸ்துமஸ். இடையில் கிடைக்கும் முதல் முழு வாரத்திலேயே முன்தேர்வை முடித்துவிடுங்கள். ஜனவரிக்குத் தள்ளினால் பாடம் அதற்குள் தொடங்கியிருக்கும். நவம்பரில் முடியும் பருவத்தில் மழை விடுமுறைகளும் இப்படித்தான் பின்தேர்வை (பாடம் முடிந்த பின் அதே வினாக்களால் நடத்தும் தேர்வை) விழுங்கும்.

தாள்களைத் திருத்தியதும் மாணவர் கையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். வினா வெளியே போனால் பின்தேர்வு கெட்டது. தேதியிட்டு, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி உறையில் வையுங்கள். தேதி பின்னால் போட்டதல்ல என்பதற்கு இந்தக் கையெழுத்துதான் சாட்சி.

4. நடத்துங்கள், நடத்தும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மூன்று வரி: என்ன செய்தோம், எங்கே சிக்கியது, அடுத்த முறை என்ன மாற்றம். சிக்கிய இடத்தை மறைக்காதீர்கள், பின்னால் விண்ணப்பத்தில் நம்பகத்தன்மை தருவது அதுதான். எடுத்துக்காட்டாக, காலையில் மரத்தை வெட்டி எடுத்த ரப்பர் பாலை மாணவர் பாட்டிலில் கொண்டுவந்தால், மதிய ஆய்வக நேரத்துக்குள் அது தானாகவே கட்டியாகத் தொடங்கிவிடலாம். சில துளி அம்மோனியா சேர்த்தால் பால் உறையாமல் நிற்கும், ஆனால் அதை உறைய வைக்க அமிலம் கூடுதலாகத் தேவைப்படும். ஏன் கூடுதல் என்று மாணவரே யோசித்துச் சொன்னால் அதுவே ஒரு நல்ல பாடம். இப்படி ஒரு குறிப்பு, நான்கு பக்கப் புகழுரையை விடக் கனமானது.

5. பின்தேர்வும் கணக்கும்

அதே 15 வினா, வரிசையும் எண்களும் மட்டும் மாற்றி. இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டுமே கணக்கில் சேருங்கள். 48 பேர் வகுப்பில் 41 பேர் இரண்டும் எழுதியிருந்தால் 41 என்றே சொல்லுங்கள், மீதி 7 பேர் ஏன் விடுபட்டார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சராசரி எவ்வளவு கூடியது என்று மட்டும் சொல்வது போதாது. 80-இல் தொடங்கிய வகுப்பு 20-க்கு மேல் கூட முடியாது. அதனால் கூடுவதற்கு இருந்த இடத்தில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: பின்தேர்வு சதவீதத்திலிருந்து முன்தேர்வு சதவீதத்தைக் கழித்து, அதை 100-லிருந்து முன்தேர்வு சதவீதத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். இயற்பியல் கற்பித்தலில் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் பெரிய அளவில் பயன்படுத்திய முறை இது. 0.3-க்குக் கீழ் குறைவு, 0.3 முதல் 0.7 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்வு.

கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். திரிதல் பகுதி 32-லிருந்து 66 ஆனது: 34-ஐ 68-ஆல் வகுத்தால் 0.50. வழக்கம்போல நடத்திய பரப்புக் கவர்தல் 30-லிருந்து 44 ஆனது: 14-ஐ 70-ஆல் வகுத்தால் 0.20. இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உங்கள் வாதம் தானே பேசும்.

பல்கலைத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது வினாத்தாளின் கடினம், திருத்தியவரின் கை, அந்த ஆண்டுச் சேர்க்கை எல்லாம் கலந்த எண். துணை ஆதாரமாக மூன்று ஆண்டு விகிதத்தை ஒரு வரியில் கொடுங்கள். 12 பேர் வகுப்பில் ‘100 சதவீதம்’ என்று தடித்த எழுத்தில் போடுவதை நடுவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

6. எண்ணுக்கு அப்பால் மூன்று ஆதாரம்

மாணவர் கருத்து: ‘சார் நன்றாக நடத்துகிறார்’, ‘மிஸ் ரொம்ப அன்பானவர்’ என்பவை மகிழ்ச்சி தரும், மதிப்பெண் தராது. ‘இந்தப் பாடத்தில் முன்பு தவறாக நினைத்திருந்தது எது, இப்போது எப்படிப் புரிகிறது?’ என்று ஒரே ஒரு திறந்த வினாவைப் பெயர் எழுதாத தாளில் கேளுங்கள். தாள்களை நீங்கள் வாங்காமல் வேறொருவர் வாங்கட்டும். எத்தனை பேரில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சக ஆசிரியர் பார்வை: உங்கள் துறையில் ஒருவர், வேறு துறையில் ஒருவர், ஆளுக்கு ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெறும் பாராட்டுக் கடிதம் வேண்டாம். எத்தனை மாணவர் கேள்வி கேட்டார்கள், ஆசிரியர் பேசிய நேரம் எவ்வளவு, மாணவர் செய்த நேரம் எவ்வளவு, ஒரு குறை என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும்.

விடைத்தாள்: ஒரே மாணவர் முன்தேர்விலும் பின்தேர்விலும் எழுதிய விடைகளை ஒரே பக்கத்தில் வையுங்கள். மேலே, ‘சோடியம் குளோரைடு, ஏனென்றால் அது நன்றாகக் கரையும்.’ கீழே, ‘படிகாரம். பால் துகளில் எதிர்மின் சுமை, அலுமினியத்துக்கு மூன்று நேர்மின் சுமை, அதனால் கொஞ்சமே போதும்.’ ஆயிரம் வார்த்தை விளக்கம் இதற்கு ஈடாகாது. பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்து, மாணவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் அடித்து ஸ்கேன் செய்தால் எண் மங்கலாகத் தெரியும். வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு நகல் எடுப்பதே நல்லது.

7. எழுதுதல்

இந்தப் படிக்கு இப்போதுதான் நேரம். ஆதாரம் கைக்கு வருமுன் எழுதினால் பெருமை மட்டுமே எழுத வரும்.

500 வார்த்தை அனுமதி என்றால் இப்படிப் பங்கிடலாம்: மாணவர் இடறிய இடம் 100, நீங்கள் செய்தது 150, விளைந்தது 150, சரியாக வராததும் திருத்தியதும் 50, பிற ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டது 50. பெரும்பாலோர் ‘செய்ததற்கு’ 400 கொடுத்துவிட்டு விளைவுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

‘புதுமையான கற்பித்தல் முறைகளைக் கையாண்டு மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டி வருகிறேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம், எந்த முறை, எத்தனை பேர், எதைக் கண்டு ஆர்வம் என்றீர்கள்? ஒன்றும் இல்லை. இதையே, ‘இரண்டாம் ஆண்டு மாணவர் 41 பேர், மூன்று உப்புகளால் ரப்பர் பாலைத் திரிய வைத்து, எது முதலில் உறையும் என்று முன்கூட்டியே எழுதி, பிறகு சோதித்தார்கள்’ என்று எழுதினால் வகுப்பு கண்முன் வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘இதே வாக்கியத்தை வேறொரு ஆசிரியர் எழுதியிருக்க முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அடித்துவிடுங்கள்.

வாக்கியத்தின் எழுவாயையும் எண்ணிப் பாருங்கள். பத்தி முழுக்க ‘நான்’ என்றே இருந்தால் பாதியையாவது ‘மாணவர்’ என்று மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் குறை எழுத்தில் இல்லை, ஆதாரத்தில் இருக்கிறது. 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

தேசியப் படிவங்களைப் படிப்பவருக்கு ஷீட் அடிப்பதும் தெரியாது, தோவாளையும் தெரியாது. முதல் முறை வரும் இடத்தில் அரை வரி விளக்கம் போதும். மாவட்ட வரலாறு வேண்டாம்.

ஆராய்ச்சிக் கட்டுரை, எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), நாட்டு நலப்பணித் திட்டம், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) பணி எல்லாவற்றுக்கும் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும். அங்கே மட்டும் போடுங்கள்.

8. இணைப்புகள்

நுழைவாயிலில் நடுவரைத் தடுக்கும் பூதம் இதுதான்: குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், ஜியோடேக் (எடுத்த இடத்தைக் காட்டும் குறி) போட்ட 40 குழுப்படம். இவற்றில் எவரும் எதையும் கற்கவில்லை. ஆய்வக மேசையில் மாணவர் கை வேலை செய்யும் படம் இரண்டு போதும்.

ஒவ்வொரு இணைப்புக்கும் எண் கொடுத்து, கட்டுரையில் அந்தக் கூற்று வரும் இடத்திலேயே ‘இணைப்பு 3’ என்று குறியுங்கள். கட்டுரையில் எங்கும் சுட்டப்படாத இணைப்பை எடுத்துவிடுங்கள், சுட்டப்பட வேண்டிய கூற்றுக்கு இணைப்பு இல்லையென்றால் கூற்றை எடுத்துவிடுங்கள்.

9. கல்லூரி வழியாகக் கையெழுத்து

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். துறைத்தலைவர், ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர், முதல்வர், தனியார் நிர்வாகத்தின் கல்லூரி என்றால் செயலர் அல்லது கரெஸ்பாண்டண்ட் என்று கோப்பு நகரும். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்றும் தடையின்மைச் சான்றும் பெரும்பாலும் கேட்பார்கள். முதல்வருக்கு வரைவைத் தட்டச்சு செய்தே கொண்டுபோங்கள். வெறும் வேண்டுகோளோடு போனால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு ஒரு வாரம் போகும்.

10. தளத்தில் ஏற்றுதல்

ஒன்றிய அரசின் விருதுகளுக்கான பொதுத்தளம் அவார்ட்ஸ்.கவ்.இன் (awards.gov.in). பல்கலைகள் தங்கள் தளத்தையோ மின்னஞ்சலையோ வைத்திருக்கும். எதுவானாலும் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். ஆதாரில் முன்னால், பான் அட்டையில் விரித்து எழுதிய அப்பா பெயர், நியமன ஆணையில் பின்னால். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய ஆசிரியைகளுக்கு இது இரட்டைச் சிக்கல். பணிப்பதிவேட்டில் உள்ள வடிவத்தையே எல்லா இடத்திலும் பயன்படுத்தி, வேறுபடும் ஆவணத்துக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற சான்றை முதல்வரிடம் வாங்கி முதல் இணைப்போடு சேருங்கள்.

தமிழில் எழுத அனுமதிக்கும் படிவமென்றால் இரண்டு விஷயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் தளத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும்; யூனிகோடில் மாற்றிவிட்டு ஒட்டுங்கள். அடுத்தது, எழுத்து வரம்பு. ‘தமிழ்’ கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. 2000 எழுத்து வரம்பு என்றால் நீங்கள் நினைப்பதை விட முன்பே கட்டம் நிரம்பி, கடைசி வாக்கியம் பாதியில் அறுந்துவிடும். ஒட்டிய பிறகு கடைசி வரி வரை படித்துப் பாருங்கள்.

ஸ்கேன் கறுப்பு வெள்ளையில், 150 முதல் 200 டிபிஐ (ஸ்கேன் தெளிவின் அளவு) போதும். வண்ணத்தில் 600 வைத்தால் கோப்பு வரம்பைத் தாண்டும். கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம், சில தளங்கள் அதை ஏற்காமல் எந்தக் காரணமும் காட்டாது. ‘சேமி’ என்பதும் ‘சமர்ப்பி’ என்பதும் வேறு. ஒப்புகை எண் வரும்வரை சமர்ப்பிக்கவில்லை என்றே பொருள்.

11. நேர்காணலுக்கு அழைத்தால்

சுருக்கப் பட்டியலில் வந்தால் சில நிமிட விளக்கம் கேட்கலாம். ஸ்லைடு ஐந்துக்கு மேல் வேண்டாம்: இடறிய வினா, மாற்றம், 0.50–0.20 போன்ற உங்கள் இரு எண், முன்–பின் விடைத்தாள், தவறியது. ‘தவறியது எது?’ என்பது ஏறக்குறைய உறுதியாக வரும் கேள்வி. வகுப்பு முடிந்ததும் எழுதிய அந்த மூன்று வரிக் குறிப்பேட்டைக் கையிலேயே எடுத்துப் போங்கள்; தேதியோடு ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டலாம்.